வெள்ளைக்காரன் கொடுத்த மிஷின்

என் கணவருடைய அண்ணன் வீட்டு ஹாலில் ஆளுயரக் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று இருந்தது. மேல்தட்டில் ஏற்றுமதிக்குப் பரிசாக வாங்கிய கேடயங்கள். நடுத்தட்டில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வந்த போட்டோ. கீழ்த்தட்டில் சிவப்பு வெல்வெட் விரித்து, அதன்மேல் ஒரு வேக்குவம் கிளீனர்.

கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது அதை நான் ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று நினைத்துவிட்டேன். ஒன்றரை முழ நீளத்தில் உருளை, கரும்பச்சை இரும்பு உடம்பு, இரண்டு முனையிலும் வெள்ளி வளையம். "ஊட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.  என் கணவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அன்றைக்குத் தொடங்கி அந்தக் கதையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்களோ தெரியாது. பெரியவர் எட்டுத் தையல் மிஷினோடு தகரக் கொட்டகையில் தொழில் தொடங்கிய காலம். கணவரின் அண்ணனை வீட்டில் நாங்கள் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம்; நேரில் எனக்கு மாமா. முதல் ஆர்டர் கொடுத்த வெள்ளைக்காரர் கொட்டகையைப் பார்க்க உள்ளே வந்தார். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி, இருமி இருமிக் கண் சிவந்து வெளியே ஓடினார். அடுத்த தடவை வரும்போது இந்த மிஷினைத் தன் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, "உங்கள் தூசிக்கு" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். பெரியவர் கண்ணில் ஒற்றி வாங்கினார். நேராக வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆசாரியை வரவழைத்து அதற்கு ஷோகேஸ் செய்தார். தூசி கொட்டகையிலேயே இருந்தது.

கதையின் இந்த இடத்தில் ஒருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை. "வெள்ளக்காரன் சும்மா குடுப்பானுங்களா? நம்ம தரத்தப் பாத்துக் குடுத்தான்" என்று பெரியவர் முடிப்பார். விருந்தாளி தலையாட்டுவார். பிறகு காப்பி வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியவர் பெருமாநல்லூர் பக்கம் புது வீடு கட்டினார். வீட்டை அலங்கரிக்க வந்த பெண் எல்லாச் சுவருக்கும் வெள்ளையும் மரநிறமும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். அந்த ஷோகேஸைப் பார்த்து அவள் முகம் போன போக்கைப் பெரியவரே கவனித்திருக்கிறார். வெள்ளைக்காரன் கொடுத்ததைக் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி ஒரே பார்வையில் தள்ளுபடி செய்துவிட்டாள். சாமான் மாற்றும் நாளில் நான் பாத்திரம் கட்ட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். பழைய இரும்புக்காரருக்கு என்று ஒதுக்கிய குவியலில், உடைந்த மின்விசிறிக்கும் துருப்பிடித்த கட்டிலுக்கும் நடுவே, பச்சை உருளை கிடந்தது. வெல்வெட் துணியைக்கூட யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அக்கா, இத நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று பெரியவர் மனைவியிடம் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துக்க கண்ணு. உன்ற ஊட்டுக்குத்தான் இதெல்லாம் ஆகும்."

அந்த வாக்கியத்தில் உள்ள கொக்கிகளை எண்ணிக்கொண்டே மிஷினை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடித்து, ஊரைக் கடந்து வீரபாண்டிக்கு வந்து சேர்ந்தேன். சிக்னலில் நின்ற போலீஸ்காரர் அதைச் சந்தேகமாகப் பார்த்தார். அவருக்கும் சிலிண்டராகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்கு அது ஆகும் என்று அக்கா சொன்னது ஒரு வகையில் சரிதான். எங்களுடையது கீழே யூனிட், மேலே வீடு. பெரியவர் கம்பெனியில் தைத்து வரும் டீ-ஷர்ட்டுகளைப் பன்னிரண்டு பெண்கள் பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து, மடித்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஒரு சட்டையை உதறினால் எழும் பஞ்சு கண்ணுக்குத் தெரியாது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் உதறினால் மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்துவிடும். திரைச்சீலையில், மெத்தையில், சாமி படத்தின் மாலையில், இட்லித் தட்டின் குழியில் எல்லாம் அதுதான். துவைத்துக் காயப்போட்ட என் வெள்ளைப் புடவையில் யாரோ போலந்துக்காரன் போடப்போகிற நீலச் சட்டையின் நூல் ஒட்டியிருக்கும்.

அந்த வருஷம் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி ஏறினால் விசில் சத்தம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு, "தூசி இல்லாத எடமாப் பாத்து இருங்க" என்றார். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார். நான் ஒரு பிளாஸ்டிக் வேக்குவம் கிளீனர் வாங்கினேன். இரண்டு மாதத்தில் அதன் வயிற்றுக்குள் நூல் கொழுக்கட்டை மாதிரி உருண்டு அடைத்துக்கொண்டது. பழுது பார்க்க வந்தவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மேடம், இது வீட்டுத் தூசிக்குப் பண்ணினது. உங்களுது கம்பெனித் தூசி" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தூசியிலும் இப்படி உயர்ந்தது தாழ்ந்தது உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால்தான் பச்சை உருளையைத் தூக்கி வந்தேன். பழைய பொருள்மேல் எனக்குக் காதல் ஒன்றும் கிடையாது. இரும்பாக இருக்கிறது, வாய் அகலமாக இருக்கிறது, நூலுக்குப் பயப்படாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

என் கணவர் அதைப் பார்த்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மெக்கானிக் இல்லை. ஆனால் எந்த மிஷினைப் பார்த்தாலும் மெக்கானிக்கின் முகம் வந்துவிடும். "ஜெர்மன் சரக்கு புள்ள. நூறு வருஷம் ஓடும்" என்றார். அது ஜெர்மனியா, ஸ்வீடனா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. எழுத்துத் தகடு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது.

"மொதல்ல பிரிச்சுப் பாத்துப்போட்டு அப்பறம் கரண்ட் குடுக்கலாமுங்க" என்றேன்.

"இதுக்கு எதுக்கு பிரிக்கறது?" என்று சொல்லிக்கொண்டே உருண்டைக் கால் பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டார். மிஷின் ஒரு முறை உறுமியது. பெருமையோடு அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அடுத்த கணம் சம்மணம் கலைந்து, சோபாவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். பழைய வயரின் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து, இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் வந்திருக்கிறது. பயந்து ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்தேன். உயிருக்கு ஒன்றுமில்லை. விரலை உதறிக்கொண்டே, "பாத்தியா, நல்லா இழுக்குது" என்றார்.

பிறகு நானே பிரித்தேன். முன்பக்க மூடியில் இரண்டு கொக்கிகள். அவற்றைத் தட்டித் திறந்தால் உள்ளே துணிப்பை ஒன்று, பாதி நிறைந்து இருந்தது. எனக்கு ஆச்சரியம். இந்த ஊரில் அது ஒரு நாளும் ஓடியதில்லை என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். பையைச் செய்தித்தாளில் கவிழ்த்தேன். சாம்பல் நிறத்தில் தூசி, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு டிக்கெட்டில் பாதி, அப்புறம் கொத்துக் கொத்தாக வெள்ளை முடி. கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாய் முடி.

நாற்பது வருஷமாக வெல்வெட்டில் படுத்திருந்தது புது மிஷின் இல்லை. வெள்ளைக்காரர் தன் வீட்டில் நாய் புரண்ட ஜமுக்காளத்தைச் சுத்தம் பண்ணிய பழைய மிஷினை, பையைக்கூடக் கொட்டாமல், கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

நான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்தேன். கணவர் முதலில் நம்பவில்லை. முடியை மோந்து பார்த்தார். பிறகு முகம் வெளுத்துப்போய், "இத அண்ணங்கிட்ட சொல்லிப்போடாத. அவருக்கு பிபி இருக்குது" என்றார்.

மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் தெரு முனையில் இருக்கும் அந்தக் கடைக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம். பதினைந்து வருஷமாக இங்கே தையல் மிஷின் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறார். எதைக் கொடுத்தாலும் முதலில் அதைக் கொண்டுவந்த ஆளைத்தான் திட்டுவார். மோட்டாரை ஸ்டூலில் வைத்து, அச்சை விரலால் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை.

"யக்கா, இதுக்குக் கரண்டக் குடுத்தது யாரு?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"அவாள இனிமே இது பக்கத்துல விடாதீய." கிரீஸைச் சுரண்டி எடுத்துக் காட்டினார். மெழுகு மாதிரி இறுகியிருந்தது. "வைண்டிங் நல்லாத்தான் கெடக்கு. அந்தக் காலத்துக் கம்பில்லா. மோட்டாருக்குக் கரண்ட் கடத்துத கார்பன் தேய்ஞ்சு கெடக்கு, வயரு செத்துப்போச்சு. இந்த மாடலுக்குக் கார்பன் எங்க போயி வாங்க? சொர்க்கத்துலதான் கிடைக்கும்."

"எனக்கு இது நெசமாலுமே வேணுமுங்க. தினமும் ஓட்டறதுக்கு."

"தினமுமா? ஷோவுக்கு இல்லியா?" என்று அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெருமாநல்லூர், கோயம்புத்தூருன்னு எல்லா இடத்துல இருந்தும் பழைய ரேடியோ, பழைய ஃபேனுன்னு கொண்டாருவாவ. சுத்த வேண்டாம், பாலிஷ் மட்டும் போதும்பாவ. ஓடணும்னு கேக்குத மொத ஆளு நீங்கதான்."

நான்கு நாளில் முடித்துக் கொடுத்தார். ட்ரில்லிங் மிஷின் கார்பனை வாங்கி உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து இதன் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் புது கிரீஸ் அடைத்திருந்தார். முனை வளையத்துக்கு லாரி ட்யூபில் வெட்டிய ரப்பர். மூன்று கம்பி வயர் போட்டு, பச்சைக் கம்பியை உடம்போடு சேர்த்து முடுக்கியிருந்தார். "இனிமே தொட்டா கடிக்காது. ஆனா அண்ணாச்சியத் தொட விடாதீய" என்றார்.

ஹோஸ் பழைய துணிப்பின்னல். தொட்ட இடமெல்லாம் பிளந்தது. சட்டையில் ஒட்டிய பிசிறை உறிஞ்ச எங்கள் ஊரில் பெரிய உறிஞ்சு மிஷின்கள் உண்டு. ஏற்றுமதியாகிற சட்டைமேல் ஒரு நூல் இருக்கக் கூடாது. அதை வெட்டுகிறவளின் நெஞ்சுக்குள் எத்தனை நூல் இருந்தாலும் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அப்படி ஒரு மிஷினிலிருந்து கழித்துப்போட்ட ஹோஸை வாங்கிவந்தேன். அதன் வாயும் இதன் வாயும் பொருந்தவில்லை. தண்ணீர்க் குழாய்க் கடையில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு வாங்கி நடுவில் சொருகினேன். கரும்பச்சை உடம்பில் சாம்பல் நிறக் கழுத்து; பார்க்க நன்றாக இல்லை. நான் என்ன பெண் பார்க்கவா அனுப்பப்போகிறேன்?

மிச்சம் பை மட்டும்தான். நாய் முடிப் பையை இரண்டு தடவை அலசியும் கிழிந்துவிட்டது. உலகத்துக்கே துணி தைக்கிற ஊரில் ஒரு பை தைப்பதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். எங்கள் யூனிட்டில் ரிப்பேர் தைக்கும் அக்கா ஒருவர் உண்டு, சாத்தூர்ப் பக்கம். அவரிடம் பழைய பையைக் காட்டினேன். அரை மணி நேரத்தில் நல்ல பனியன் துணியில் அதே அளவில் தைத்துக் கொடுத்தார். மாட்டி ஓட்டினேன். முன்பக்கம் இழுத்த தூசி எல்லாம் பனியன் கண்ணிகள் வழியாகப் பின்பக்கம் மேகம் மாதிரி வந்தது. அறைக்குள் தூசியை இடம் மாற்றியதுதான் மிச்சம். இரண்டாவது தடவை இரட்டைத் துணி. அது காற்றில் உப்பி, இழுபட்டு, பலூன் மாதிரி மிஷினுக்குள் மாட்டிக்கொண்டது.

"பனியன் துணி மூச்சு விடும்னு விளம்பரம் பண்ணுறாங்கள்ல? அதான் விடுது" என்றார் தையல் அக்கா.

எங்களுக்கு வேண்டியது இழுபடாத நெசவுத் துணி. கைக்கெட்டிய எல்லாக் கடையிலும் பின்னல் துணிதான். பெட்டி பெட்டியாக, லாரி லாரியாகப் பின்னல் துணி. கடைசியில் மெத்தைக் கடையில் கோடு போட்ட உறைத்துணி ஒரு மீட்டர் கிடைத்தது. பஞ்சை உள்ளேயே வைத்துக்கொள்ளத்தானே அந்தத் துணி நெய்கிறார்கள். தையல் அக்கா அதை உள்ளே ஒரு அடுக்கு ஃப்ளீஸ் வைத்து, வாயில் எலாஸ்டிக் கோத்துத் தைத்தார். உதறினார், ஊதிப் பார்த்தார், தன் பெயரைச் சின்னதாக ஓரத்தில் நூலால் போட்டார். பன்னிரண்டு வருஷமாகத் தைக்கிறார். பெயர் போட்ட முதல் சாமான் இதுதான் என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சுற்றி நிற்க, செக்கிங் மேஜைக்கு அடியில் ஓட்டினேன். சத்தம் பஸ் ஏறுகிற சத்தம். ஆனால் இழுத்தது. வருஷக்கணக்கில் மேஜைக் காலைச் சுற்றிக் கம்பளிப் பூச்சி மாதிரி கிடந்த நூல் சுருள்கள் ஒவ்வொன்றாக வாய்க்குள் போயின. அதன் பிறகு தினமும் காலை ஒரு தரம் கீழே, சாயங்காலம் ஒரு தரம் மேலே. வாரத்துக்கு ஒரு தடவை பையைக் கொட்டினால் ஒரு தலையணைக்கு ஆகும். பெண்களே முறை வைத்து ஓட்டினார்கள். விளக்குமாறு போட்டால் தூசி எழுந்து திரும்ப அதே இடத்தில் உட்காரும். இது எழவே விடாது.

கணவருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் பக்கத்து யூனிட் முதலாளியை அழைத்துவந்து, "ஜெர்மன் டெக்னாலஜி பாருங்க" என்று சொல்லி ஹோஸைக் கழற்றிப் பின்முனையில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். பின்முனை ஊதுவதற்கு என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் குழாயில் தங்கியிருந்த பஞ்சு முழுவதும் பேக்கிங்குக்கு அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள்மேல் பொழிந்தது. பெண்கள் அன்று முழுக்க அதே சட்டைகளை மறுபடி பார்த்தார்கள். பக்கத்து யூனிட் முதலாளி மட்டும் உண்மையாகவே வியந்து, "என்ன காத்து! என்ன காத்து!" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அவர் வாய்தான் செய்தியைப் பெருமாநல்லூர் வரை கொண்டுபோயிருக்க வேண்டும். அடுத்த வாரம் பெரியவரிடமிருந்து போன்.

"கண்ணு, அந்த மிஷின் ஓடுதாமா?"

"ஓடுதுங்க மாமா."

"நம்ம ஊட்டு மிஷினு, ஓடாம என்ன பண்ணும்?" என்று கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்தப் பழைய வெள்ளைக்காரர் காலமாகிவிட்டார். இப்போது கம்பெனியைப் பார்ப்பது பேரன். அவர் புதன்கிழமை வருகிறார். "தாத்தா குடுத்தத நாங்க எப்படிக் காப்பாத்தி வெச்சிருக்கறோம்னு காட்டோணும். டிரைவர அனுப்பறேன், குடுத்து உடு."

"அதில்லாம எனக்கு ஒரு நாள் ஓடாதுங்க மாமா. மூச்சு வாங்குது."

"ஒரு நாளைக்குத்தான் கண்ணு."

எனக்கு அப்போது நாக்கு அரித்தது. கணவர் எதிரில் நின்று கையால் வாயைப் பொத்திக் காட்டிக்கொண்டிருந்தார். இருந்தும் சொன்னேன். "மாமா, அது புதுசில்லீங்க. உள்ள நாய் மசுரு இருந்துதுங்க."

போனில் பெரியவர் இரண்டு தடவை செருமினார். பிபியை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது. அப்புறம் பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "வெள்ளக்காரன் நாயி நம்மூரு நாயி மாதிரியா கண்ணு? தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி வெச்சிருப்பான்."

இந்த மனிதரை எதைக் கொண்டும் அசைக்க முடியாது என்று புரிந்து, டிரைவரிடம் மிஷினைக் கொடுத்தேன்.

புதன்கிழமை எங்களையும் கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வரவேற்பறையில் கண்ணாடிப் பீடம், மேலே தனி விளக்கு, நடுவில் என் மிஷின். உடம்பில் ஏதோ பாலிஷ் ஏற்றிப் பளபளவென்று இருந்தது. என் ஹோஸையும் சாம்பல் நிறக் கழுத்தையும் காணோம். அதற்குப் பதில் குளியலறை ஷவரில் வருமே, அந்த மாதிரி வெள்ளிக் குழாய் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தையல் தளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் புது மாஸ்க், பாக்கெட்டில் மடித்த கோடுகூட அழியாமல். ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மூச்சு வாங்க, மேற்பார்வையாளர் ஓடிவந்து ஏற்றிவிட்டார்.

பேரன் ஜீன்ஸ் பேண்ட்டும் முதுகுப் பையுமாக வந்தார். பெரியவர் அவரைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, கதையை முழுவதும் ஆங்கிலத்தில் சொன்னார். இருமல் வந்த இடத்தில் தானே இருமிக் காட்டினார். பேரன் சிரித்தார். தாத்தா பழைய சாமான்களை எல்லோர் தலையிலும் கட்டுவார், தங்கள் வீட்டில் அது ஒரு நகைச்சுவை என்றார். பெரியவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வலுவாகக் கை குலுக்கினார். பேரன் குனிந்து மிஷினை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தையல் தளத்தில் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளந்த ரிப்போர்ட் தயாரா என்று கேட்டார்.

பெரியவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். ரிப்போர்ட் மெயிலில் வரும் என்று முடிவானது. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது மாஸ்க்குகளைத் திரும்ப வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் என்றது ஒரு வாரமானது. போன் பண்ணினால், "இருக்கட்டுமே கண்ணு, ஆபீஸுக்கு ஒரு களையா இருக்குது" என்றார். பத்தாம் நாள் மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே பெண்கள் விளக்குமாறு போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் கீற்றில் பஞ்சு மிதந்து மேலே வந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே பெரியவர் கம்பெனிக்குப் போனேன்.

பெரியவர் மீட்டிங்கில் இருந்தார். நல்லதாகப் போயிற்று. பீடத்தின் கண்ணாடி மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். ஷவர்க் குழாயைப் பீடத்திலேயே விட்டேன். மிஷினை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வரவேற்பறைப் பெண் எழுந்து நின்றாள். முதலாளி வீட்டு அம்மாவைத் தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வணக்கம் வைத்தாள். வாசலில் செக்யூரிட்டி தடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மிஷின் வெளிய போறதுன்னா கேட் பாஸ் வேணுமுங்க."

"போடுங்க."

நோட்டை விரித்து, பேனாவை உதறி, மெதுவாகக் கேட்டார். "என்ன மிஷினுங்கம்மா?"

"தூசி மிஷின்."

"திரும்பி வருமுங்களா, வராதுங்களா? ரெண்டுல ஒண்ணு எழுதோணுமுங்க."

"வராது."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். பாவம், கேட்டைத் திறந்துவிட்டு, "பாத்து ஓட்டுங்கம்மா, கனமா இருக்குது" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் உள்ளே பையும் இல்லை. அழுக்குத் துணி என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். தையல் அக்காவிடம் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் உடனே மிச்சமிருந்த மெத்தைத் துணியை எடுத்து வெட்டினார். ஹோஸுக்கும் கழுத்துக்கும் மறுபடி அலைந்தேன். மூன்றாம் நாள் மிஷின் ஓடியது.

பெரியவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். எங்களுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிடுவார் என்று கணவர் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் எங்களைப் போல ஓட்டை பார்த்து மடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ, வண்டி வழக்கம்போல வந்தது; பேச்சுதான் வரவில்லை. அதில் எனக்குப் பெரிய நஷ்டம் தெரியவில்லை. கதை கேட்கும் வேலை ஒன்று குறைந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா காரில் வந்து இறங்கினார். சமாதானத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் சோபாவைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினேன்.

"நிறுத்தாத, ஓட்டு" என்றார். நின்று பார்த்தார். பிறகு என் கையிலிருந்து குழாயைத் தானே வாங்கினார்.

"எங்கூட்ல இது இருந்த வரைக்கும் தெனமும் காலைல இதத் தொடைக்கறது என்ற வேல கண்ணு. வெளக்குமாத்துல ஊடு கூட்டுவேன். எழும்பற தூசி முச்சூடும் ஷோகேஸுக்குள்ள போயி இதும்மேல உக்காரும். அப்பறம் துணியக் கொண்டு இதத் தொடைப்பேன். ஒரு நாளு சுவிட்சப் போட்டுப் பாக்கலாமான்னு கேட்டதுக்கு உங்க மாமா என்ன சொன்னாரு தெரியுமா? ஓட்டினா பழசாப் போயிருமாமா."

நான் குனிந்து சுவிட்சைப் போட்டேன்.

அக்கா பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சோபாவின் மூலை முடுக்கெல்லாம் ஓட்டினார். மெத்தை ஓட்டினார். திரைச்சீலையை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். என் கணவர் உதவிக்கு வந்தபோது, "நீங்க அக்கட்டால போங்க தம்பி" என்றார். நான் இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து வைத்தேன். இரண்டும் ஆறிப் போயின. கடைசியில் மூடியைத் திறந்து, பையைக் கழற்றி, செய்தித்தாளில் தானே கவிழ்த்து, அந்தப் பஞ்சுக் குவியலைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

"இத்தனையா?" என்றார்.

"இது ஒரு வாரத்துதுங்கக்கா" என்றேன்.